இடது கைக்குச் செய்த கருவிகள்

தம்பிக்குப் பாரிசவாதம் வந்த அன்று அவனுடைய கராஜ் மேசையில் ஒரு பியூவல் பம்ப் பிரித்தபடி கிடந்தது. பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் பம்ப். மூடி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், ஸ்பிறிங்கும் வால்வுகளும் ஒரு மாஜரின் டப்பாவுக்குள். காலையில் கராஜைத் திறந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையடிக்கு வந்தவன் அப்படியே வலப்பக்கமாகச் சரிந்துவிட்டான் என்று பக்கத்து டயர்க் கடைக்காரர்தான் எனக்குக் கோல் எடுத்துச் சொன்னார்.

நான் சாய்ந்தமருதில் லேத் பட்டறை வைத்திருப்பவன். வள்ளங்களின் எஞ்சினுக்குத் தண்டு கடைவதும் புஷ் போடுவதும் என் வேலை. தம்பிக்குக் கல்முனையில் கராஜ். வெளிநாட்டிலிருந்து புது வாகனம் இறக்க முடியாமல் போன வருடங்களில், கொட்டில்களுக்குள் கோழி அடைந்து கிடந்த கார்களெல்லாம் மறுபடி றோட்டுக்கு வந்தன. அவற்றுக்குப் புதுப் பம்ப் கிடைக்காது. பழையதைப் பிரித்து, பெற்றோலை இழுத்துத் தள்ளும் அந்த றப்பர்த் தோலைப் புதிதாக வெட்டிப் போட்டு, வால்வை மாற்றி மறுபடி ஓடவைக்க வேண்டும். தம்பி அந்த வேலையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அது பிடித்தும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரு சொல்லைத் தவிர. தண்ணீர் வேணுமா என்று கேட்டால் “ஓம்” என்பான். வேண்டாமா என்றாலும் “ஓம்”. வலித்தாலும் கோபம் வந்தாலும் அதே சொல்தான், சத்தம் மட்டும் மாறும். அவனுக்கு எல்லாம் விளங்குகிறது, சொல்லத்தான் வாய் வருவதில்லை என்று டொக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மஃரிப் நேரம். அவனைக் கதிரையில் இருத்தித் தொழவைத்தோம். சின்ன வயதில் பாடமாக்கிய சூரத்துல் பாத்திஹாவை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓதினான். நானும் அவனுடைய மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். ஸலாம் கொடுத்து முடித்ததும் நான் கிட்டப் போய் அவன் தோளைப் பிடித்தேன்.

“தம்பி, கதைடா. என்னக் கூப்பிட்டுப் பாரு.”

அவன் என் முகத்தையே பார்த்தான்.

“ஓம்,” என்றான்.

மனப்பாடமாக இருப்பது மூளையின் வேறு இடத்திலிருந்து வருகிறது என்று பிறகு டொக்டர் விளக்கினார். அதன்பின் தொழும்போது அவன் வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டான். எங்களுக்குக் கேட்கவிடவில்லை.

சாப்பாடு இன்னொரு கரைச்சல். இடது கையால் சாப்பிடமாட்டான். ஏலாதவனுக்கு அதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் மௌலவியே வந்து சொன்னார். தம்பி சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டான். மனைவிதான் பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

பம்ப்புக்குச் சொந்தக்காரர் வினாயகபுரத்திலிருந்து வந்தார். கடல் தொழில் செய்கிற மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார்.

“பாத்திட்டுப் போகத்தான் வந்தன் காக்கா. பம்ப்புக்கு அவசரமில்ல.”

அவசரம் இருந்தது. கதைக்கக் கதைக்கத் தெரிந்தது. அவருடைய தாயை கிளினிக்குக் கொண்டுபோகிற கார் அது. கிழவியை பஸ்ஸில் ஏற்ற முடியாது.

“கரண்ட் பம்ப் ஒண்டு பூட்டுங்களன்,” என்றேன்.

“பூட்டிப் பாத்தாச்சு காக்கா. அது பெற்றோலக் கூடுதலாத் தள்ளுது. காபரேட்டர் பொங்கி வழியுது. நெருப்புப் பிடிச்சிரும் எண்டு பயமாக் கிடக்கு.”

“அப்ப சாமானெல்லாத்தையும் எடுத்துத் தாறன். கொழும்புல யாராவது செய்வாங்க.”

கட்டிலில் இருந்த தம்பி, “ஓம்! ஓம்!” என்று இடது கையால் சட்டத்தில் அடித்தான். கொடுத்துவிடச் சொல்கிறான் என்று நினைத்து நான் எழும்பினேன்.

“இரிங்க காக்கா,” என்றாள் அவன் மனைவி. “இது அந்த ஓம் இல்ல. குடுக்காதீங்க எண்டு செல்றாரு.”

அவன் அடிப்பதை நிறுத்தினான்.

கராஜிலிருந்து மாஜரின் டப்பாவோடு பம்ப்பைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். தோலை ஸ்பிறிங்குக்கு மேலே வைத்து அமத்தி, அமத்தியபடியே கால்வாசி திருப்பினால்தான் அதன் தண்டு உள்ளேயுள்ள நெம்பில் கொளுவும். ஒரு கை பம்ப்பின் உடலைப் பிடிக்க வேண்டும், மறு கை அமத்தித் திருப்ப வேண்டும். அவன் பம்ப்பைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இடது கையால் அமத்தினான். வலது தொடையில் பலம் இல்லை. பம்ப் நழுவி சீமெந்தில் விழுந்தது. ஸ்பிறிங் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி குனிந்து தும்புத்தடியால் ஸ்பிறிங்கைத் தட்டி எடுத்தாள்.

அடுத்த நாள் பட்டறையில் ஒரு தாங்கி செய்தேன். லொறிச் சட்டத்திலிருந்து வெட்டிய தடித்த தகடு, பம்ப் எஞ்சினில் பூட்டுகிற துளைகளுக்கு நேராக இரண்டு போல்ட், கையால் முறுக்கக்கூடிய சிறகு நட்டு. மேசையோடு பூட்டிவிட்டால் மலை மாதிரி நிற்கும். சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் ஒருமுறை பார்த்தான். “ஓம்,” என்று தட்டிவிட்டான். தகடு கீழே விழுந்து சீமெந்தைப் பெயர்த்தது.

எனக்குக் கோபம் வந்தது. தகட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். ஒரு சாரன் துண்டால் என் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டும்படி தண்டு கடையவந்த ஒருவரைக் கேட்டேன். அவர் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டே கட்டினார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய உடைந்த பம்ப் ஒன்றை அந்தத் தாங்கியில் வைத்து, இடது கையால் பூட்டப் பார்த்தேன். நெம்பு எனக்கு எதிர்ப்பக்கம் நின்றது. நட்டை முறுக்க முழங்கை உடம்போடு இடித்தது. நான் அதை என் கைக்குச் செய்திருக்கிறேன்.

திரும்பச் செய்தேன். நெம்பு இடப்பக்கம் வரும்படி போல்ட்டுகளை மாற்றி, தகட்டை அவன் பக்கம் சற்றுச் சரித்தேன். தோலை அமத்தித் திருப்ப, ஒரு பக்கம் பிணைச்சல் வைத்த கைபிடி. மூடியின் திருகுகளை இறுக்கும்போது நெம்பு முழுதாக இழுபட்டபடியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் கிழிந்துவிடும். அதற்கு மோட்டார் சைக்கிள் பிறேக் கம்பியை வளைத்து ஒரு கொக்கி.

வால்வுதான் கஷ்டம். அதைக் குழிக்குள் இருத்தி, சுற்றிவரப் பம்ப்பின் உலோகத்தை நசுக்கி விளிம்பை மடக்க வேண்டும். ஒரு பழைய அச்சுத் துண்டைக் கடைந்து, முனையைக் குடைந்து வளைய உளி ஒன்று செய்தேன். கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெய்க்குள் போட்டதில் அதிகமாக இறுகி, இரண்டாவது அடியில் முனை சிதறியது. அடுத்ததை, இறுக்கிய பிறகு மறுபடி மெல்லச் சூடாக்கி வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தேன். அது நின்றது. ஆனால் உளியை ஒரு கை பிடிக்க, மறு கை அடிக்க வேண்டும். ஆகவே தாங்கிக்கு மேலே நிமிர்ந்த குழாய் ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டி, உளி அதற்குள் வழுக்கி இறங்கும்படி செய்தேன். முதல் தரம் குழாய் மயிரளவு விலகியிருந்தது. உடைந்த பம்ப்பின் உடல் இரண்டாகப் பிளந்தது. வினாயகபுரத்தாரின் பம்ப் அந்த இடத்தில் இருந்திருக்கலாம். குழாயை அறுத்து மறுபடி ஒட்டினேன்.

எல்லாவற்றையும் அவன் வீட்டு மேசையில் பூட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். அவன் கொக்கியைத் தூக்கிப் பார்த்தான். நட்டைத் திருப்பிப் பார்த்தான். வேலையைத் தொடங்கினான்.

முழுக் காலையும் எடுத்தது. வேர்வை மூக்கிலிருந்து பம்ப்புக்குள் சொட்டியது. ஒவ்வொரு சொட்டையும் நிறுத்தித் துடைத்தான். வால்வுக்கு அடித்தபோது நான் பார்க்கவில்லை, கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பிவரும்போது மூடி பூட்டியாகிவிட்டது. சோதிக்க வேண்டும். பெற்றோல் வரும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நெம்பை ஆட்டினால் உறிஞ்ச வேண்டும். அதற்கும் இரண்டு கை வேண்டும். நான் கையை நீட்டினேன். அவன் தலையை ஆட்டி, மனைவியைப் பார்த்து “ஓம்” என்றான்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவனின் வேலைச் சாமானை அதுவரை தொட்டிராதவள். அவன் அவளுடைய விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு நெம்பை ஆட்டினான்.

“இழுக்குது,” என்றாள். “காக்கா, விரலப் புடிச்சி இழுக்குது.”

விரலை எடுத்தபோது ‘உஸ்’ என்றது. தம்பி சிரித்தான். நோய் வந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். ஒரு பக்க வாய்தான் மேலே போனது.

அந்த மனிதரின் கார் ஓடியது. அவர் சொல்லி இன்னும் சிலர் பம்ப் கொண்டுவந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வெளிச்சம் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வேலை சரிவந்த நாட்களில் அமைதியாக இருப்பான். சரிவராத நாட்களில் வீடே நடுங்கும். ஒரு நாள் நான் போனபோது அவன் மனைவி முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். அதன் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

“கிணத்தடியில விழுந்திட்டன் காக்கா.”

மேசையில் கொக்கி இல்லை. முற்றத்து மண்ணில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன்.

“இதுக்கா நான் இத உனக்குச் செஞ்சு தந்த?”

அவன் “ஓம்” என்று சொல்லவில்லை. என் கையிலிருந்து கொக்கியை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினான். பிறகு அவளைக் கூப்பிட ஒரு சொல் தேடி வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் அடுப்படியிலிருந்து தானாகவே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

இரண்டாவது தரம் பாரிசவாதம் அவனுக்கு மேசையிலேயே வந்தது. வேறொரு ஊர்க்காரரின் பம்ப், தோல் வெட்டியாகி, வால்வு இன்னும் இருத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்த முறை கண் திறக்கவேயில்லை. விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டான்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். நோய் வந்த நாளிலிருந்து சுருட்டியே கிடந்த வலது கை விரல்கள், தண்ணீர் ஊற்ற ஊற்ற இளகி விரிந்துகொண்டன. இடது உள்ளங்கையில் ஒரு தழும்பும், தழும்புக்கு மேல் புதிதாக ஒரு கொப்புளமும். நான் செய்த கைபிடியின் விளிம்பை நன்றாகத் தேய்த்திருக்க வேண்டும். அவன் அதைச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறான். அல்லது சொல்லி, நாங்கள் வேறெதற்கோ என்று எடுத்துக்கொண்டிருப்போம்.

கொஞ்ச நாள் கழித்து அவன் மனைவி ஆளனுப்பினாள். மேசையிலிருந்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். “வச்சிக்கிட்டு இரிக்க ஏலா காக்கா,” என்றாள், அவ்வளவுதான். கல்முனையில் ஒரு கராஜ்காரர் தாங்கியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று வேலை செய்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முடியாமல் நின்ற அந்தப் பம்ப்பின் சொந்தக்காரர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, வெட்டிவைத்த தோலையும் மேலே வைத்துக் கொடுத்தேன். பூட்டித் தர முடியுமா என்று அவர் கேட்கவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“வால்வு ரெண்டும் உள்ளுக்க இரிக்கி,” என்றேன். “துலைச்சிராதீங்க.”

தலையாட்டிவிட்டு, டப்பாவை ஆட்டோ சீற்றில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி போனார்.