ஷைலா எடுத்த தெலுங்குப் படம்

தமிழ்க்காரியான ஷைலாவுக்குத் தெலுங்கில் தெரிந்த சொற்கள் மொத்தமே மூன்று: வா, போ, சாப்பிட்டாயா. அதை வைத்துக்கொண்டு ஒரு முழுநீளத் தெலுங்குக் காதல் நகைச்சுவைப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய ஒப்புக்கொண்டாள் என்று தெரிந்ததும், யாங்கோனின் தாகேதா பகுதியில் அவளை அறிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பதினோரு வருடமாக அவள் கல்யாண வீடியோ எடுக்கிறவள். கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம், பர்மியக் கல்யாணம் எல்லாம் எடுத்திருக்கிறாள். அப்படி ஒரு தெலுங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளை போட்ட மாலை பெண்ணின் ஜிமிக்கியில் சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளை வியர்த்துப்போய்ப் பிரித்துக்கொண்டிருக்க, பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றாள். இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து, அசையாமல் மூன்று நிமிடம் எடுத்திருந்தாள் ஷைலா. அந்தப் பெண்ணின் உறவுக்காரி சத்யவதி அதைப் பார்த்துவிட்டுத்தான் தேடி வந்தாள். யாங்கோன் தெலுங்குக் குடும்பம், துணிக்கடையில் வேலை, நாலு வருடமாக ஒரு கதை எழுதி வைத்திருந்தாள். ஷ்வேப்யிதா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவனும், தன்லியின் பள்ளியில் பாடம் சொல்லும் ஒருத்தியும், தினமும் ஒரே பஸ்ஸில் சண்டை போட்டுக் காதலிக்கிற கதை.

"எனக்கு உங்க பாஷை தெரியாதே, மா சத்யா" என்றாள் ஷைலா. இருவரும் பேசியது பர்மிய மொழியில்; பெண்களை அங்கே 'மா' சேர்த்துத்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"அந்தக் கல்யாணத்துல மட்டும் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் சத்யவதி.

விளக்குகள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாளே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் நடிகர்கள் பேசுவது கேட்கவில்லை. விளக்கே வேண்டாம் என்று ஷைலா சொல்லிவிட்டாள். அலமாரிக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து வெயிலை வீட்டுக்குள் திருப்பினாள். பஸ் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி வெளிச்சத்தை மெதுவாக்கினாள். கதாநாயகி கன்னத்தில் பூசியிருந்த தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைத் துடைக்கச் சொன்னார் ஒப்பனைக்காரர். படத்தில் வெள்ளையடித்த சுவர் மாதிரி தெரியும் என்றார். ஊர்ப் பெண் தனக்கா இல்லாமல் பஸ் ஏறுவாளா என்று கேட்டு, அவளை நிழல் பக்கத்து இருக்கைக்கு மாற்றினாள் ஷைலா. கன்னம் சந்தன நிறத்தில் மின்னியது.

முதல் பாதி முழுக்க, காதலர் இருவருக்கும் நடுவில் பஸ்ஸின் இரும்புக் கம்பி நிற்கும்படியே கோணம் வைத்தாள். சண்டை குறையக் குறையக் கம்பி ஓரத்துக்குப் போகும். இதை அவள் யாருக்கும் விளக்கவில்லை.

தகராறு வந்தது ஒரே ஒரு விஷயத்தில். வசனத்தைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காமிராவுக்குப் பின்னால் ஷைலா மட்டும் சிரிக்காமல் நிற்பாள். பிறகு, இன்னொரு தடவை எடுக்கலாம் என்பாள். பாஷை தெரியாத தனக்கும் காட்சி புரியாவிட்டால் படத்தில் ஏதோ குறை என்பது அவள் கணக்கு. சத்யவதிக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலேயே, கதாநாயகன் மன்னிப்புக் கேட்கும் காட்சிக்கு இரண்டு முகங்களையும் தனித்தனியாக, நெருக்கத்தில் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"தனித்தனியா எடுத்தா, அவங்க ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல இருக்கற மாதிரி இருக்கும்" என்றாள் ஷைலா. அன்று காலை முழுதும் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தன்லியின் பஸ் நிறுத்தத்தில், முழு பெஞ்சும் தெரிய அந்தக் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, கொய்யாக் கூடையோடு ஓர் அம்மா வந்து காதலர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். பெயர் டோ கின் என்பது பிறகுதான் தெரிந்தது. படப்பிடிப்பு என்று ஒருவன் பணிவாகச் சொன்னான். எடுங்கள், எனக்குப் பஸ் வரவேண்டும் என்றார். நடிகர்கள் வேறு வழியில்லாமல் அவருக்கு மேலாகவே வசனம் பேசினார்கள். டோ கின் டென்னிஸ் பார்ப்பவர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கதாநாயகன் குரல் தழுதழுத்ததும், ஒரு கொய்யாவை எடுத்துக் கதாநாயகியின் கையில் திணித்து, "இவ்வளவு கெஞ்சறானே, போதும், மன்னிச்சுடு மகளே" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

கதாநாயகி நிஜமாகவே சிரித்துவிட்டாள். சத்யவதி நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். ஷைலா இடது கையை மட்டும் உயர்த்தித் தடுத்தாள். ஒத்திகை என்று எல்லோரும் நினைத்திருக்க, காமிரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கும் சிரிப்புப் பொங்கியது. தோளில் இருந்த காமிரா லேசாக ஆடிற்று.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். சத்யவதி மூன்று முறை பார்த்தாள். எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்க வசனத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆடினது ஆடினபடி இருக்கட்டும், அக்கா" என்றாள். அக்கா என்று அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. டோ கின்னிடம் சம்மதம் கேட்டதற்கு, கூடையில் மிச்சமிருந்த கொய்யாவை நீங்களே வாங்கிக்கொண்டால் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெலுங்குச் சமூகக் கூடத்தில் படத்தைத் திரையிட்டார்கள். ஷைலாவின் கணவன் ஜேசுராஜ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெஞ்சுக் காட்சியில் கூடமே அதிர்ந்தது. அவனும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "என்னாத்துக்குச் சிரிக்கிறேன்னே தெரியல புள்ள, ஒரு வார்த்தை வெளங்கல" என்றான். ஷைலா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது சத்யவதி அடுத்த கதை எழுதி முடித்துவிட்டாள். இந்தத் தடவை தமிழ்க் குடும்பத்துக் கதை, தமிழிலேயே எடுப்பது என்று முடிவு. உனக்குச் சுலபமாகப் போயிற்று என்று ஜேசுராஜ் சொன்னபோது ஷைலா தலையை ஆட்டினாள்.

"பயமா இருக்குங்க. பேசறது எல்லாம் புரிஞ்சுடுமே."

ஒத்திகையின்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேள்வி.