ராகு காலத்தில் ஒரு இன்ஸ்டால்

கணினியில் மென்பொருள் நிறுவிக் கொடுப்பது என் தொழில். கணினி இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொள்ளும், அதன் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும். உங்கள் அலுவலகத்திலும் கடவுச்சொல் ஒரே ஒருவர் மனத்தில் இருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

ஐந்து பேர், ஒரு கடவுச்சொல்

எங்கள் ஊரின் காஜா பேராங் பகுதியில் சிவலிங்கம் அண்ணனின் சிறிய அச்சக அலுவலகம். அங்கே வேலை செய்யும் ஐந்து பேரும் ஒரே கணினியை, தனித்தனிப் பெயரில் நுழைந்து பயன்படுத்தினார்கள். முன்பு யாரோ ஏற்றிய விளையாட்டோடு வைரஸும் வந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையே அழிந்துபோனது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். புதிதாக எதைப் போட்டாலும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்று அமைத்துக் கொடுத்தேன். நிர்வாகி, அண்ணன்தான்.

அவர் கடவுச்சொல்லை அடிக்கும்போது ஒரு கையால் மறைத்துக்கொள்வார். என்னையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். ராகு காலத்திலும் எமகண்டத்திலும் அடிக்கவே மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கடை திறக்கவே நேரம் பார்க்கிறேன், தம்பி. உள்ளே புது ஆளை விட நேரம் பார்க்க மாட்டேனா?"

லெட்சுமி அக்காவின் வெள்ளிக்கிழமை

பக்கம் வடிவமைப்பவர் லெட்சுமி அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளித் தலைமையாசிரியை அனுப்பிய அழைப்பிதழ்க் கோப்பு திறக்கவில்லை. வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. அண்ணன் நாட்காட்டியைப் பார்த்தார்: ராகு காலம். அது முடிந்ததும் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு வேட்டி வாங்கப் போனார். திரும்பி வந்தால் எமகண்டம்.

அழைப்பிதழ் தாமதமானது. தலைமையாசிரியை நேரில் வந்து, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டு முழுவதும் அக்காவுக்குத்தான். அண்ணனிடம் அக்கா அமைதியாகச் சொன்னார்:

"உங்க நல்ல நேரம் வர்றதுக்குள்ள என் வேலை நேரம் முடிஞ்சிருதுலா, அண்ணே."

பட்டியலுக்கு முகூர்த்தம்

நான் ஒரு வழி சொன்னேன். அண்ணன் ஒப்புக்கொண்ட மென்பொருள்களை ஒரு பட்டியலில் வைப்போம். அதில் உள்ளதையும், அதன் புதிய பதிப்பையும் ஐந்து பேரும் தங்கள் சொந்தக் கடவுச்சொல்லாலேயே போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாததற்கு மட்டும் அண்ணன் வேண்டும். "அப்போ விளையாட்டு?" என்றார். பட்டியலில் இல்லாததால் நுழையாது என்றேன்.

ஒரு வாரம் யோசித்து, வளர்பிறையில் நாள் குறித்தார். திரையின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தார். பட்டியலில் ஏறியவை இரண்டே இரண்டு: வடிவமைப்பு மென்பொருள், பஞ்சாங்க மென்பொருள்.

"மத்ததெல்லாம் அடுத்த முகூர்த்தத்துல பார்ப்போம், தம்பி."

பதினொரு மணி

அதே தலைமையாசிரியை, மாணவர்கள் எழுதிய கதைப் புத்தகத்தை மறுநாள் பரிசளிப்பு விழாவுக்குக் கேட்டிருந்தார். பக்கங்கள் மாலைக்குள், எங்களுக்குப் புத்தகம் அச்சிட்டுத் தரும் புக்கிட் ரம்பாய் அச்சுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மீண்டும் வெள்ளிக்கிழமை, மீண்டும் கோப்பு இன்னும் புதிய பதிப்பைக் கேட்டது. அண்ணன் தெங்கேராவில் ஒரு கல்யாண வீட்டில், கைப்பேசியை அணைத்துவிட்டு இருந்தார்.

அக்கா, தான் கூப்பிட்டு வந்திருந்த என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், பழக்க தோஷம். அக்கா தன் கடவுச்சொல்லை அடித்தார். மென்பொருள் ஏறியது, கோப்பு திறந்தது, மூன்று மணிக்குப் பக்கங்கள் புறப்பட்டுவிட்டன.

மாலையில் அண்ணன் வந்து, "எப்போ போட்டே?" என்று அக்காவிடம் கேட்டார். "பதினொரு மணிக்கு, அண்ணே." அவர் நாட்காட்டியைப் பார்த்தார்: நடு ராகு காலம். திரையிலிருந்த காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். அன்று தலைமையாசிரியை ஃபோனில் நன்றி சொன்ன செய்தியையும் அக்கா சொன்னார். அண்ணன் நாட்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்.

"நான் அனுமதி கொடுத்தது நல்ல நேரம். அதுக்கப்புறம் அது எப்ப ஏறினா என்ன?"

பல பேர் புழங்கும் கணினிக்குப் பூட்டுப் போட எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. அந்தப் பூட்டை அண்ணன் இல்லாமலும் திறக்கலாம் என்று அண்ணனையே சொல்ல வைக்க ஒரு வளர்பிறையும் இரண்டு வெள்ளிக்கிழமைகளும் தேவைப்பட்டன.