காணிக்கைத் தக்காளி

மருந்து காயாத தக்காளியை ஒரு குழந்தை தின்பதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றவள் நான். அது நான் பறித்த பழம்.

சித்தூருக்கு வெளியே எங்கள் நிலம். எங்கள் பக்கத்தில் தக்காளி போடுகிற எல்லோரும் ஓரமாகச் சில வரிசைகளை மருந்து படாமல் விட்டுவிடுவோம். அது வீட்டுக்கு, மற்றதெல்லாம் திருப்பதிச் சந்தைக்கு. படித்தவள் நான்... இதன் பொருள் எனக்குத் தெரியாதா? மகனுக்குச் சோறூட்டத் தொடங்கியபின், தெளிப்பான் அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதென்று வரப்பிலேயே நின்று காவல் காத்தேன்.

போன ஆண்டு காய்ப்புழு அதிகம். சபையின் அறுவடைப் பண்டிகைக்குக் காணிக்கை கொண்டுபோக வேண்டும். வீட்டு வரிசையில் துளையில்லாத பழமே இல்லை. புழு தின்றதையா கர்த்தரின் சந்நிதியில் வைப்பது? முந்தின நாள் மருந்தடித்த செடிகளிலிருந்து பளபளவென்று ஒரு கூடை பறித்தேன்.

அடித்த உடனே பறிக்கக் கூடாதென்று மருந்து டப்பாவில் தெலுங்கில் போட்டிருந்தது. அதைக் கணவருக்குப் படித்துச் சொன்னவளே நான்தான்.

காணிக்கைதானே, யார் சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேனா? பொய்... ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள் என்பது சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும்!

பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் மெர்சி என் கூடையை ஏலத்தில் எடுத்தாள். ஒரு பழத்தை முந்தானையில் துடைத்து மகளிடம் கொடுத்தாள். என் மகன் வயதுதான் அவளுக்கும். சாறு அவள் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"கழுவிக் கொடு" என்றாவது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் சபையார்... இதையா கர்த்தருக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டுவிட்டால்? அந்த வெட்கம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதன்பின் ஞாயிறுதோறும் அந்தக் குழந்தையைக் கவனித்தேன். வயிற்று வலியா, காய்ச்சலா என்று ஏதோ சாக்கில் விசாரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று யாருக்குத் தெரியும்...

மெர்சி இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்தாள். புளிப்பாகத் தின்ன வேண்டும் போலிருக்கிறதாம். வீட்டு வரிசைப் பழங்களை எடுத்து வைத்தேன். துளைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, கோயிலுக்குன்னா நல்லதா எடுத்தாந்த. எனக்குப் புழு துன்னதா?"

"இதுக்கு மருந்து அடிக்கல மெர்சி."

"அப்ப கோயிலுக்கு எடுத்தாந்தது?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதுக்கும் அடிக்கல."

"அப்புறம் இன்னா? அந்தச் செடிப் பழத்தையே குடுக்கா."

எல்லாம் லாரியில் போய்விட்டது என்று இன்னொரு பொய் சொன்னேன். அடுத்த பறிப்பில் தனக்கென்று எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, என் மகனின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுப் போனாள்.

நாளை பறிப்பு. இன்று காலைதான் மருந்து அடித்தோம். மெர்சி கூடையோடு வருவாள்... உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.