அம்மா காய்ச்சிய பசை

எங்கள் ஒழுங்கையில் அம்மாவின் பசைக்கு நல்ல பெயர். கோதுமை மாவைக் கரைத்து, கட்டி படாமல் துழாவி, கரப்பான் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு இறக்குவார். இளநீலமாக இருக்கும். மாதா கோயில் திருநாளுக்குக் கொடி ஒட்டவும், மார்கழியில் நத்தாருக்கு நட்சத்திரக் கூடு ஒட்டவும் கொட்டாஞ்சேனையில் பாதிப்பேர் தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்குத்தான் வருவார்கள். ஒட்டினால் மழைக்கும் அசையாது என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை அவரே உரஞ்சிக் கழுவவேண்டி வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்களோடு இருந்தார். அந்த வருடம் ஹெந்தளையில் யாரோ ஒருவருடைய கராஜில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே மைக் பிடித்துக் கத்தும் ஒரு பிரதர் இருந்தாராம். அதுவரை ஞாயிறு பூசைக்குக்கூட எழுப்பி அனுப்பவேண்டிய மாமா, இப்போது சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். யார் யார் அங்கே போவார்கள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துகிறபடியால் அம்மாவும் அதில் அடக்கம்.

"சோறு ஆறுது, முதல் தின்னு," என்பார் அம்மா. அவருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. ஆனாலும், கூட்டத்துக்குக் கராஜைச் சோடிக்கவேண்டும், கொஞ்சம் பசை காய்ச்சித் தாருங்கள் என்று மாமா கேட்டபோது அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி ஒரு காரியத்துக்கு முன்வந்துவிட்டான் என்று பெரிய சட்டி நிறையக் காய்ச்சிக் கொடுத்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சைவக் குடும்பம். அந்த வீட்டு அன்ரியும் அம்மாவும் மதிலால் கதைக்கத் தொடங்கினால் இரண்டு வீட்டிலும் சோறு அடிப்பிடிக்கும். தீபாவளிக்கு அவர்களுடைய பலகாரத் தட்டம் எங்களுக்கு வரும், நத்தாருக்கு எங்களுடையது அங்கே போகும். தட்டத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்கவேண்டும். அன்ரியின் பயற்றம் பணியாரத்தை நினைத்தே எனக்கு ஐப்பசி பிறக்கும். மாமாவும் லேசுப்பட்டவரல்ல. முந்திய வருடம் வரை தட்டத்தில் பாதி அவருடைய வயிற்றுக்குத்தான் போனது.

அந்தத் தீபாவளி விடிந்தபோது ஒழுங்கையில் இருந்த சைவ வீட்டுக் கதவுகள் எல்லாவற்றிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "இது பிசாசின் வீடு" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே இயேசுவின் பெயரையும் போட்டிருந்தார்கள். அன்ரியின் வாசலில் கோலம் அப்படியே இருந்தது. அவருடைய கணவர் புது வேட்டியோடு நின்று கத்தியால் சுரண்டிப் பார்த்தார். ஒரு மூலை மட்டும் கிழிந்தது.

அம்மா போய்க் கிழிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, பாயில் கிடந்த மாமாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். நகத்தின் இடுக்கெல்லாம் இளநீலம்.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், பங்குச் சபையில் செயலாளரும் அவர்தான். செய்தி கேட்டதும் கோயிலில் அவசரக் கூட்டம் என்று ஓடினார். மத்தியானம்தான் வந்தார். ஞாயிறு பூசையில் ஓர் அறிவித்தல் வாசிப்பதென்று தீர்மானமாம். வருந்துகிறோம் என்று போடுவதா கண்டிக்கிறோம் என்று போடுவதா என்பதில் இழுபறிப்பட்டு, இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து, கடைசியில் இரண்டையும் போட்டுவிட்டார்களாம்.

"அவங்கள் எங்கட ஆக்கள் இல்லை எண்டு தெளிவாச் சொல்லிப்போட்டம்," என்றார் அப்பா திருப்தியோடு.

"அப்ப பசை ஆரின்ர பசை?" என்று கேட்டார் அம்மா.

அப்பாவுக்கு விளங்கவில்லை. அம்மா மாமாவின் கையைப் பிடித்துக் காட்டினார். அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அறிவித்தலில் அதற்கு ஒரு வசனமும் இருக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு விசுவாசம் காணாது. அதுதான் இப்பிடி..." என்று மாமா தொடங்கினார்.

அம்மா வாளியையும் உரஞ்சுகிற தும்புத் தடியையும் அவருடைய கையில் திணித்தார். "முதல் அதைப் போய்க் கழுவு. விசுவாசத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம். எனக்கு வாற விசருக்கு..." மிச்சத்தைச் சொல்லாமல் அவரைக் கதவுக்கு வெளியே தள்ளினார். மாமா அக்காவுக்குப் பயந்தாரோ, அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயந்தாரோ, போனார்.

மாமாவுக்குக் கழுவவும் தெரியவில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு நின்றார். அம்மா தடியைப் பறித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன்னுடைய பசையையே வாய்க்கு வந்தபடி ஏசி ஏசி உரஞ்சினார். அன்ரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"விடுங்கோ தங்கச்சி. இது உங்கட ஆக்கள் செய்த வேலை இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. எல்லாம் முடிந்தது, இனித் தட்டம் வரும். "ஓம் அன்ரி, அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர்," என்றேன் பலமாக.

அம்மா நிமிர்ந்தார். "இல்லை அக்கா. எங்கட ஆக்கள்தான். ஒட்டினது இந்தா நிக்கிற என்ர தம்பி. பசை நான் காய்ச்சினது. சோடிக்க எண்டு சொன்னவன், வேறொண்டும் விசாரிக்காமல் காய்ச்சிக் குடுத்தனான்."

அன்ரி மாமாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார். அன்ரி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கேத்தல் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, மறுபடி போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொழுது படும்வரை அம்மா ஒவ்வொரு கதவாக உரஞ்சினார். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார். மாமா வாளியோடு பின்னால் போனார்.

அந்த வருடம் தட்டம் வரவில்லை. எனக்கு அம்மாமேல் ஆத்திரமான ஆத்திரம். அன்ரியே வழி விட்டுக் கொடுத்தார், வாயை மூடிக்கொண்டு ஓம் என்றிருந்தால் பணியாரம் வந்திருக்கும். ஞாயிறு அறிவித்தலை அப்பா கணீரென்று வாசித்தபோது அம்மா மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாமா ஹெந்தளைக்குப் போவதை விட்டாரா, எங்களிடம் சொல்லாமல் போனாரா, தெரியாது. சாப்பாட்டு மேசையில் மட்டும் நரகம் நின்றுபோனது. மதிலுக்கு மேலால் பேச்சும் நின்றுபோனது.

நத்தாருக்கு அம்மா வழக்கம்போலக் கேக்கும் கொக்கிஸும் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி, என்னிடம் தட்டத்தைத் தந்தார். அன்ரி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். நெடுநேரம் கழித்துத் தட்டம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து துணியைத் தூக்கினால், நடுவில் ஒரு பிடி சீனி.

"சீனி மட்டும்தானா?" என்றேன்.

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அந்தச் சீனியில் ஒரு கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டத்தை மடியில் வைத்தபடி குசினிப் படியில் குந்தியிருந்து அழுதார். ஒரு பிடி சீனிக்கு ஏன் அழவேண்டும் என்று, தலையைத் தடவிக்கொண்டு நின்ற எனக்கு விளங்கவே இல்லை.