குற்றாலத்துக்குக் கொண்டுபோன ராட்டைக் கொடி

சுதந்திரம் வருகிற அன்று, என் கையால் நூற்ற நூலில் நெய்த கொடி குற்றாலத்தில் பறக்கவேண்டும் என்று குற்றாலநாதரிடம் நேர்ந்திருந்தேன். அதற்காக 1947 ஆகஸ்டு பதினான்காம் தேதி காலை நானும் என் நாத்தனார் செல்லம்மாளும் தென்காசியிலிருந்து புறப்பட்டோம். மூன்றரை மைல். குதிரை வண்டிக்காரர் பன்னிரண்டணா கேட்டார், எட்டணாவுக்கு இறங்கினார். வழியெல்லாம் சாரல். கொடியை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

நாங்கள் தங்கிய சத்திரத்தில்தான் மறுநாள் கொடியேற்றம். சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி என் கொடியை விரித்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன தாயி, ராட்டையப் போட்டிருக்கீய? இப்பம் நடுவுல சக்கரம்லா! போன மாசமே மாத்தியாச்சு. இத ஏத்த முடியாதே."

ராட்டையை எடுத்துவிட்டார்களா? அதைச் சுற்றித்தானே இத்தனை வருஷமும் என் நாள் ஓடியது! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. நான் எழுத்துப் படித்ததே கடைப் பொட்டலத் தாளில். அதில் வரும் சேதி பழசுதானே.

"பொட்டலத்தப் படிச்சு ஊருக்கே சேதி சொல்லுதவுக எங்க மைனி," என்றாள் செல்லம்மாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் எடுத்தாவளாம்?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி கொடியைக் கயிற்றில் தொங்கவிட்டார். "அங்கன பின்னால போய்ப் பாருங்க."

பார்த்தேன். வலப்பக்கம் தைத்த ராட்டையின் பிடி, இடது கையால் சுற்றுகிற மாதிரி இடப்பக்கம் இருந்தது. இடது கையால் சாமிக்குப் பூப் போடுவோமா? தைத்த எனக்கே இது தெரியவில்லையே!

"சக்கரம்னா எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான்," என்றார் அண்ணாச்சி.

கோயிலுக்குப் போனேன். பெருமாளாக இருந்தவரை அகத்தியர் சிவனாக்கிய சன்னதி அது. பெருமாளே மாறிய இடத்தில் என் ராட்டை மாறக்கூடாதா?

திரும்பிவந்து, நூலை நறுக்காமல் ராட்டையைப் பிரித்தேன். அண்ணாச்சி தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, இருபத்துநான்கு ஆரங்களுக்கும் கோடு போட்டுத் தந்தார். அதே நீல நூலில் தைத்தேன். பாதியில் நூல் தீர்ந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

"ஏன் முழிக்கீய மைனி? இந்தாங்க," என்று செல்லம்மாள் தன் நீலச்சேலை முந்தியிலிருந்து இழை இழையாக உருவித் தந்தாள்.

மறுநாள் கொடி ஏறியபோது எல்லாரும் முன்னால் நின்று கைதட்டினார்கள். நான் பின்பக்கம் ஓடினேன். சக்கரம் சக்கரமாகவே இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

குற்றாலம் போகிறவர்கள் துணிமணியை நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள்; சாரல் விடாது. வண்டிக்கு எட்டணாவுக்கு மேல் கொடுக்கவேண்டாம். கொடி தைக்கிறவர்கள் முதலில் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கிறவர்களுக்கும் அதுதானே கொடி.