சந்தனம் பூசிய புலி

இன்று மகள் தன் பழைய காரில் இருந்த ஸ்டிக்கரை உரித்தாள்.

"அப்பா, உரிச்சாப் பிறகும் அச்சு அப்படியே கிடக்கு!"

அப்படி ஓர் அச்சை நான் முன்பும் கண்டிருக்கிறேன்.

எண்பத்து நான்கு, ஆடி அமாவாசை. அப்பப்பாவின் பிதிர்க்கடனுக்கு ஐயா, அம்மாவோடு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலிருந்து கீரிமலைக் கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியில் இராணுவச் சாவடியில் ஆமி மறிப்பான். எங்கள் மொறிஸ் மைனரின் கதவிலோ, முன்பு அதை வைத்திருந்தவர் ஒட்டிய பாயும் புலி ஸ்டிக்கர்; கண்டால் புலிகள் இயக்கம் என்று பிடித்துவிடுவான்.

ஐயா சுடுதண்ணீரும் மண்ணெண்ணெயும் போட்டு உரித்தார். ஸ்டிக்கர் போய்விட்டது. ஆனால் அதன் கீழ் வெயில் படாத பெயின்ற், வெளிறிய பச்சைக்கு நடுவே கடும்பச்சைப் புலியாக நின்றது.

அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தா. "அப்புங்கோ. புதுக் காருக்குப் பூசுற மாதிரி."

மறித்த ஆமிக்காரன் கதவருகே குனிந்தான்.

"கோயில்?"

"ஓம், கோயிலுக்குத்தான்," என்றார் ஐயா.

அவன் ஈரச் சந்தனத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்தான். வழித்த இடத்தில் புலியின் வால் தெரிந்தது.

கண்ணை மூடிக் கும்பிட்டபடியே அவன் "போங்க" என்றான்.

மகளிடம் சொன்னேன்: "பொலிஷ் வேண்டாம் பிள்ளை, சந்தனம் இருக்கோ பார்."

எங்கள் வீட்டில் சந்தனம் புலியை மறைத்தது. உங்கள் வீட்டில் எது எதை மறைத்தது?