எனக்குக் கேட்காத சல்லாரி

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு பக்கம் வாசித்து முடிக்குமுன் தேத்தண்ணீர் ஆறிவிடும். இதை எழுதி முடிக்கவும் பல நாள் பிடித்தது. ஆனால் காது விஷயத்தில் நான் ஒருவருக்கும் குறைந்தவளில்லை என்று எழுபத்திரண்டு வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் எங்கள் கோயிலில் தவக்காலம் வந்தால் பெண்கள் வரிசையாக நின்று மாதாவின் ஒப்பாரி பாடுவோம். மற்றவர்கள் கையில் பாட்டெழுதின கொப்பி வைத்திருப்பார்கள். நான் கொப்பி பிடித்ததே இல்லை. அம்மா பாடப் பாடக் கேட்டு எல்லா அடியையும் மனத்தில் ஏற்றிக்கொண்டவள் நான். முன்பாட்டு என்னுடையது. நான் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, வரிசை அதைத் திருப்பிப் பாடும். யார் வரிசையில் நிற்கலாம் என்று சொல்கிறதும் நான்தான். பாடும்போது ஒவ்வொருத்தியின் பின்னாலும் போய் நின்று காது கொடுப்பேன். சுவாமியார்கூட இதில் தலையிடமாட்டார்.

என் மகனுக்குப் பாட்டு என்றால் பைத்தியம். சிரட்டை அளவில் இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கினான். அதற்கும் போனுக்கும் நடுவில் கொழுவ ஒரு சின்னப் பெட்டியும் வாங்கினான். இன்டர்நெட்டில் பாட்டு அனுப்புகிற கம்பனிகள் இப்போது பல இருக்கின்றனவாம். இரண்டு கம்பனிகள் அவனுக்கு ஒரு மாதம் சும்மா கேட்கக் கொடுத்திருந்தன. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: பாட்டுப் பதிகிற அறையில் எப்படிக் கேட்டதோ, அப்படியே ஒரு துளியும் நசுக்காமல் வீட்டுக்கு வரும்.

“அம்மா, ரெண்டிலை ஒண்டைத்தான் வைச்சிருக்கப்போறன். எது திறம் எண்டு உங்கடை காதாலை சொல்லுங்கோ.”

இப்படிக் கேட்டால் நான் உச்சி குளிர்ந்து போவேன் என்று அவனுக்குத் தெரியும்.

முதலில் எதில் எங்கள் பாட்டுகள் கூடுதலாக இருக்கின்றன என்று பார்த்தோம். நான் பாட்டைச் சொல்ல, மகன் போனில் தேடினான். முதலாவது கம்பனியில் பழைய தமிழ்ப் பாட்டு மலைபோல் குவிந்து கிடந்தது. இரண்டாவதில் குறைவு. பத்துக் கேட்டால் ஆறு கிடைக்கும். ஆனால் முதலாவதில் பெயரெல்லாம் மாறிக் கிடந்தது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மருமகள் பாடியவரின் பெயரை வாசித்தாள். இரண்டடி கேட்டதும் நான், “உது அவரில்லை. குரலிலை மூக்கு இருக்கு. வேறை ஆள்” என்றேன். மகன் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, “அம்மா சொன்னதுதான் சரி” என்றான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

எங்கள் ஒப்பாரி இரண்டு கம்பனியிலும் இல்லை. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு சத்தத்தின் தரம். ஒரே பாட்டை ஒரு கம்பனியிலும் மற்றக் கம்பனியிலும் மாற்றி மாற்றிப் போட்டான்.

“எது அம்மா?”

“பின்னாலை போட்டது. முதலாவது ஐஸ் மீன். ரெண்டாவது இப்பத்தான் வலையிலை இருந்து கழட்டினது.”

அதை அவன் தன்னைப் போன்ற பாட்டுப் பைத்தியக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினான். கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் கும்பிடு போட்டுப் பதில் வந்தது. மருமகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பித்தேன். அவள் நீர்வேலிப் பிள்ளை, வாழைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். தானும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கட்டோ என்று கேட்டாள்.

“உமக்கென்ன பிள்ளை தெரியும்? வாழைக்குலைக்குப் பாட்டுப் படிச்சனீரோ?” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகன் மறுபடியும் ஹெட்போனைக் கொண்டு வந்தான்.

“ஒரு பிழை விட்டிட்டன் அம்மா. அண்டைக்குப் பின்னாலை போட்டது சத்தம் ஒரு சொட்டுக் கூட. சத்தம் கூடினதைத்தான் ஆற்றை காதும் நல்லதெண்டு சொல்லும். அதை வைச்சுத் தரம் பார்க்கேலாது. இண்டைக்கு ரெண்டையும் ஒரே அளவிலை வைச்சிருக்கிறன். எது எதெண்டும் சொல்லமாட்டன்.”

கேட்டேன். பெண் குரல் ஒன்று, பின்னால் மத்தளம். முதலாவது ஓடி முடிந்தது. இரண்டாவது வந்தது. இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஒரு நூலிழை வித்தியாசமும் இல்லை. இன்னொரு தரமும் போடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். பிறகு ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து, மகனின் முகம் எதற்கு மலர்கிறது என்று பார்த்தேன். எழுதவே கூசுகிறது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்க்கிறது போலத்தான் அது.

“முதலாவதிலை அந்தப் பிள்ளை சொல்லை முழுங்கிறா. ரெண்டாவதிலையும் முழுங்கிறாதான், ஆனால் கொஞ்சம் குறைவு” என்றேன்.

மகன் ஹெட்போனை மருமகளிடம் கொடுத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

“இல்லை மாமி. ரெண்டிலையும் சொல் வடிவாய்க் கேக்குது. வித்தியாசம் சல்லாரியிலைதான். ரெண்டாவதிலை பளிச்செண்டு கேக்குது, முதலாவதிலை மங்கல்.”

சல்லாரி என்பது கூத்தில் தட்டுகிற சின்ன வெண்கலத் தாளம். அது எனக்குத் தெரியாததா?

“இந்தப் பாட்டிலை சல்லாரி இல்லைப் பிள்ளை.”

மகன் வாங்கிக் கேட்டான். என் முகத்தைப் பார்க்காமல், “இருக்கு அம்மா” என்றான்.

“எந்த இடத்திலை?”

“தொடக்கத்திலை இருந்து கடைசி வரைக்கும்.”

பிறகு மருமகள், “சிக்னல் இழுபட்டிருக்கும். மாமி கேக்கேக்கை தரம் குறைஞ்சிருக்கும்” என்றாள். நான் வாழைக்குலை என்று பரிகாசம் பண்ணிய பிள்ளை எனக்கு மறைப்புக் கட்டினாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன். சல்லாரி போனால் போகட்டும். ‘சொல்லை முழுங்கிறா’ என்று சொன்னேனே, அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதே வார்த்தையைப் போன தவக்காலத்தில் ஒருத்தியிடம் சொல்லியிருந்தேன்.

கடற்கரை ஒழுங்கையில் இருக்கிறவள், கணவன் கடல் தொழிலுக்குப் போகிறவன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய குரல். பாடிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்றேன். ‘சிலுவை’ என்ற சொல் எனக்கு ‘லுவை’ என்றுதான் விழுந்தது. பாட்டை நிறுத்தினேன். “நீர் சொல்லை முழுங்கிறீர். மாதாவுக்கு முன்னாலை அரைச் சொல் வேண்டாம். வாயை மட்டும் அசையும்” என்று இருபது பேருக்கு முன்னால் சொன்னேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த பாட்டுப் பழக்கத்துக்கு அவள் வரவில்லை. பெரிய வெள்ளியன்று கோயில் வாசலோடு சனத்துக்குள் நின்றாள். கண்டும் காணாதவள்போல் திரும்பிக்கொண்டேன்.

அவளுடைய குறை என்று நினைத்தது இந்தப் பாட்டுக்காரியிடமும் எப்படி வந்தது? இரண்டு கம்பனியிலும் எப்படி வந்தது?

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ அக்கா. என்ன, வழி மாறி வந்திட்டியளோ?”

“உம்மட்டைத்தான் வந்தனான்.” உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. “எனக்கு முழங்கால் ஏலாமல் கிடக்கு. இந்த முறை நீரும் வரிசைக்கு வாரும். பழைய ஆக்கள் வேணும்.”

அவள் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போனாள். வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். ஒரு புளியங்கொட்டை, தேய்ந்து மினுமினுவென்று இருந்தது.

“சிரிக்கக்கூடாது அக்கா. நீங்கள் சொன்ன பிறகு இதை நாக்குக்குக் கீழை வைச்சுக்கொண்டு சொல்லிப் பழகினனான். ஒரு வருஷமாய். எங்கடை மனிசன் கேக்கும், என்னடி, பேயோடை கதைக்கிறியோ எண்டு. இப்பச் சரியோ பாருங்கோ.”

கொட்டை இல்லாமல் ஓர் அடி பாடிக் காட்டினாள். எனக்கு மறுபடியும் ‘லுவை’ என்றுதான் விழுந்தது.

“இப்பச் சரி” என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெரிய உபகாரம் அக்கா” என்றாள்.

படலை வரைக்கும் நடந்தேன். படலையைத் திறந்தேன். அந்தப் ‘பெரிய உபகார’த்தைச் சுமந்துகொண்டு ஒழுங்கையில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்தேன்.

“எனக்குக் கேக்கேல்லைப் பிள்ளை.”

“என்ன கேக்கேல்லை?”

“உம்மடை அந்தச் ‘சி’ எழுத்து. போன வருஷமும் கேக்கேல்லை, இப்பவும் கேக்கேல்லை. உம்மிலை ஒரு பிழையுமில்லை. என்ரை காதுதான் போச்சுது.”

“அப்ப, இப்பச் சரி எண்டியள்?”

“பொய்.”

அவள் புளியங்கொட்டையைப் பார்த்தாள். அதை எறியவில்லை, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். குந்தி இறாலை எடுத்தாள். இரண்டு மூன்று உரித்த பிறகுதான் பேசினாள்.

“வரிசையிலை வைச்செல்லோ சொன்னியள். என்ரை முற்றத்திலை வந்து எனக்கு மட்டும் சொன்னால், அது எந்த ஊர் ஞாயம் அக்கா?”

படலையைச் சாத்திக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மகனிடம், எந்தக் கம்பனி என்று உன் பெண்சாதியைக் கேள் என்றேன். அவள் இரண்டாவது கம்பனியைச் சொன்னாள். பாட்டுக் குறைந்தாலும் பரவாயில்லை, இருக்கிறது முழுதாய்க் கேட்கட்டும் என்றாள். என் தலைக்கு மேலால் எங்கோ பார்த்துக்கொண்டு மகன், “அம்மா, காதைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுவம்” என்றான். ஓம் என்றேன். இன்னும் போகவில்லை.

தவக்காலத்தின் முதல் வெள்ளி, பழக்கத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். அவளும் வந்து தூணோடு நின்றாள். முன்பாட்டு எடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு சொன்னேன். போன வருடம் இவளை நிறுத்தினது பிழை, இவள் சொல் சுத்தம், எனக்குத்தான் காது கேட்கிறதில்லை. நாலு வசனம்தான் இருக்கும். அதைச் சொல்லி முடிக்க ஒரு தவக்காலமே ஓடினது போல இருந்தது.

வரிசையின் கடைசியில் நிற்கிற ஒரு கிழவி, என் வயதுக்காரி, என்னோடு எப்போதும் பகிடி விடுகிறவள், “அப்ப, இத்தனை வருஷமாய் எங்களிலை ஆரார் உண்மையாய் முழுங்கினது?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தூணோடு நின்றவளும் சிரித்துக்கொண்டு போய்த் தன் பழைய இடத்தில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

கிழவி பகிடியாகத்தான் கேட்டாள். அடியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் அதை எண்ணத் தொடங்கினேன். இவளுக்கு முந்தி இன்னும் இரண்டு பேரை அதே குற்றம் சொல்லி நிறுத்தியிருக்கிறேன். காது எப்போது போகத் தொடங்கியதோ, எனக்குத் தெரியாது. ஒருத்தி அரியாலையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் போகலாம். மற்றவள் செத்துச் சேமக்காலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய மகள் வரிசையில் மூன்றாவதாக நின்று, என் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வதென்று இதை எழுதுகிற இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.